ஹார்ட் டிஸ்க் ஏன் உறுமுகிறது? காற்றழுத்தம், பொருத்தும் முறை, இரைச்சல்: முழுமையான வழிகாட்டி

நிலாவெளியில் சிறியதொரு விடுதி நடத்தும் அக்கா ஒருவர், போன மாரியில் தன் சிசிடிவி டிவிஆர் பெட்டியை (கண்காணிப்புக் கமராக்களின் படத்தைப் பதியும் கருவி) துவாயில் சுற்றிக்கொண்டு திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் கடைக்கு வந்தார். “தம்பி, பகலில ஒண்டும் தெரியாது. இரவில எல்லாரும் படுத்த பிறகு சுவருக்குள்ள ஆரோ முனகுற மாதிரி இருக்கு. ஹார்ட் டிஸ்க் சாகப்போகுது எண்டு சொல்லுறாங்கள். புதுசு போடவா?” என்று கேட்டார்.

பெட்டியை என் மேசையில் வைத்து ஓடவிட்டேன். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் மட்டும் மெல்லிய ஊங்காரம் கேட்டது. டிஸ்க்கைப் பரிசோதித்தேன், ஒரு குறையும் இல்லை. “வீட்டில இதை எங்க வைச்சிருக்கிறீங்கள், அக்கா?” என்றேன். வரவேற்பறைச் சுவரில் அடித்த தகர இராக்கையில் என்றார். முனகியது அந்த இராக்கை. தகரத்துக்கு அடியில் விரலை வைத்தால் நடுக்கம் தெரிந்திருக்கும். பெட்டியைச் சீமெந்துத் தட்டுக்கு மாற்றி, அடியில் நான்கு துண்டு ஸ்பொஞ்ச் வைத்தோம். அன்றிரவே முனகல் நின்றது. அதே டிஸ்க் இன்றும் ஓடுகிறது.

இப்படிப்பட்ட டிஸ்க்குகள் வீணாகக் கழற்றி எறியப்படுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் நமக்குக் கேட்பது டிஸ்க்கின் சத்தம் இல்லை, டிஸ்க் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் சத்தம். அதேபோல, கடற்கரையில் இருப்பதால் காற்றழுத்தம் டிஸ்க்கைக் கெடுக்கும் என்ற பயமும் தவறான இடத்தில் இருக்கிறது. அழுத்தத்தைவிட, அந்தக் காற்று சுமந்து வரும் ஈரத்தைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒழுங்காகப் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒரு வேலை. டிஸ்க்கில் இருக்கும் படங்கள், கணக்குகள், வீடியோக்களை வேறோர் இடத்தில் பிரதி எடுங்கள். ஸ்க்ரூ கழற்றும் எந்த வேலைக்கும் முன்னால் இதைச் செய்தே ஆகவேண்டும்.

முதல் படி: என்ன சத்தம் என்று பிரித்துக் கேளுங்கள்

மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு செய்தால் இன்னும் நல்லது. விட்டுவிடாமல் ஒரே சுருதியில் வரும் ஊங்காரம், டிஸ்க்குக்குள் தகவல் பதிந்திருக்கும் தட்டு சுழல்வதால் வருவது. நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் டிஸ்க் செக்கனுக்கு 120 தடவை சுழல்கிறது. அதன் அடிச்சுருதி 120 ஹேர்ட்ஸ். 5,400 சுற்று டிஸ்க்குக்கு 90 ஹேர்ட்ஸ். அடுத்தது, கோப்பு திறக்கும்போதும் பிரதி எடுக்கும்போதும் கேட்கும் “கறுக், கறுக்”. அது ஹெட்டை, அதாவது தட்டில் தகவலை எழுதி வாசிக்கும் நுனியை, தாங்கும் கை தட்டில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் தாவும் சத்தம். இரண்டும் இயல்பானவை.

மூன்றாவது ஒன்று உண்டு. ஒரே தாளத்தில் “டிக்… டிக்… டிக்” என்று அடித்து, நின்று, மறுபடி அடிப்பது; அல்லது உலோகத்தில் உலோகம் உரசுவது. இது கேட்டால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மின்சாரத்தை நிறுத்துங்கள். எந்த இறப்பரும் ஸ்பொஞ்சும் அதற்கு மருந்தாகாது. ஓடவிட்டு ஓடவிட்டுப் பார்த்தால் மீட்கக்கூடியதும் போய்விடும்.

கரண்ட் சட்டென்று போகும்போது ஒரு தரம் “டொக்” என்று கேட்பதைப் பலர் பயத்தோடு சொல்வார்கள். மின்சாரம் அறுந்ததும், தட்டு சுழலும் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, டிஸ்க் தன் ஹெட்டை அவசரமாக ஒதுக்கி நிறுத்துகிறது. வழமையாக நிறுத்துவதைவிட அது முரட்டு வேலை. ஒரு தரம் நடந்தால் பரவாயில்லை. 2022 இல் நாடு முழுக்க மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த மாதங்களில் தினமும் பல தரம் நடந்தது. சிறிய யூபிஎஸ் ஒன்று இந்தத் துன்பத்தைத் தடுக்கும்.

போனில் ஒலி அலைவரிசை காட்டும் இலவசச் செயலி ஒன்று இறக்குங்கள். போனைப் பெட்டியின் அருகில் வைத்தால் எந்த ஹேர்ட்ஸில் முள் உயர்ந்து நிற்கிறதென்று காட்டும். 120 அல்லது 90 என்றால் டிஸ்க். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் மின்மாற்றி உறுமினால் முள் 100 இல் நிற்கும். சில கண்காணிப்பு டிஸ்க்குகள் 5,900 சுற்றில் ஓடும், அவற்றின் சுருதி 98. அதை 100 என்று மாறி எண்ணிவிடாமல் டிஸ்க்கின் மாடல் இலக்கத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இந்த ஒரு சோதனையாலேயே, டிஸ்க் மாற்ற வந்த சிலரைப் பவர் சப்ளை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இரண்டாம் படி: கையால் வழியைத் தேடுங்கள்

சிபியு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத் தகட்டில் உள்ளங்கையை அழுத்துங்கள். சத்தம் குறைகிறதா? அப்படியானால் ஒலிபெருக்கியாக வேலை செய்வது அந்தத் தகடு. கையை எடுத்து மேசையை அழுத்துங்கள். பிறகு, டிஸ்க்கில் எழுதும் வேலை எதுவும் நடக்காத நேரம் பார்த்து, பெட்டியை ஆடாமல் மெதுவாக ஒரு விரல்கடை தூக்கி, அடியில் மடித்த துவாயைத் தள்ளுங்கள். இரண்டு பேராகச் செய்வது நல்லது. ஊங்காரம் மறைந்தால் அது மேசை வழியாக வந்த சத்தம்.

டிஸ்க் தானாகக் காற்றில் விடும் சத்தம் மிகச் சிறிது. அது சின்ன உடம்பு. 120 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதியை அவ்வளவு சிறிய உடம்பால் உரக்கப் பாட முடியாது. ஆனால் அதன் நடுக்கம் ஸ்க்ரூ வழியாகப் பெட்டிக்கும், பெட்டியின் கால் வழியாக மேசைக்கும் போனால், மேசைப்பலகை முழுவதும் சேர்ந்து பாடும். தவிலில் தோலைத் தட்டினால் அதிர்வது தோல் மட்டுமா? அதே கதைதான்.

மூன்றாம் படி: காற்றழுத்தத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குள் இருப்பது வெற்றிடம் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே காற்று இருக்கிறது. காற்று இல்லாவிட்டால் அது வேலையே செய்யாது. ஹெட் தட்டைத் தொடுவதில்லை, தட்டோடு சேர்ந்து சுழலும் காற்றின் மேல் மிதக்கிறது. மூன்றரை அங்குல டிஸ்க்கின் தட்டு சுமார் 95 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது; 7,200 சுற்றில் அதன் வெளி ஓரம் மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில நனோமீற்றர்தான். தலைமயிர் ஒன்றின் தடிப்பு 50,000 நனோமீற்றருக்கும் மேல்.

1956 இல் ஐபிஎம் விற்ற முதல் டிஸ்க் இயந்திரத்தில் ஹெட்டைத் தட்டிலிருந்து விலக்கி வைக்க, கம்ப்ரெஸர் வைத்துக் காற்றை ஊதினார்கள். 1961 இல் அதே நிறுவனம் அறிவித்த இன்னொரு இயந்திரத்தில், ஊதும் காற்று இல்லாமலே ஹெட் தானாக மிதந்தது. இன்றைய டிஸ்க் வரைக்கும் அந்த யோசனைதான் தொடர்கிறது.

காற்று மெலிந்தால் ஹெட்டைத் தாங்கும் பலம் குறையும், ஹெட் தட்டுக்கு இன்னும் கிட்ட இறங்கும். அதனால்தான் மேசைக் கணினி டிஸ்க்குகளுக்கான விவரத்தாள்கள் பெரும்பாலும் இயங்கும் உயரம் 3,048 மீற்றர் வரை என்று எல்லை போடுகின்றன. கடல் மட்டத்தில் அழுத்தம் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல். அந்த எல்லை உயரத்தில் அது 700க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும்.

இனி நம் ஊரைப் பாருங்கள். திருமலை (திருகோணமலை) கடல் மட்டத்தில் இருக்கிறது. டிஸ்க்குக்கு இதைவிட நல்ல அழுத்தம் கிடையாது. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே அழுத்தம் சுமார் 810. இலங்கையின் அதியுயர்ந்த இடமான பீதுருதாலகாலை 2,524 மீற்றர், அதுவும் எல்லைக்குள்தான். ஆகவே இந்தத் தீவுக்குள் எங்கே கொண்டுபோனாலும் உயரத்தால் டிஸ்க் கெடாது.

“புயல் நேரம் அழுத்தம் விழுகிறதே?” என்று கேட்பார்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்குச் சற்று வடக்கே கரை ஏறியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு புயலில் அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் விழுகிறதென்று வைப்போம். கடல் மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது சுமார் எட்டு மீற்றர் உயரம். ஆக, 20 விழுந்தால் 160, 170 மீற்றர் மேடேறியதற்குச் சமம். கண்டிக்குப் பஸ் ஏறினாலே இதைவிட அதிகம் ஏறுகிறீர்கள். புயலில் டிஸ்க்கைக் கொல்வது மின்சாரத் தடுமாற்றமும் வீட்டுக்குள் வரும் தண்ணீரும்தான்.

பெட்டிக்குள் மின்விசிறி உண்டாக்கும் அழுத்தமும் அப்படியே. அது பத்து இருபது பாஸ்கல் (நூறு பாஸ்கல் ஒரு ஹெக்டோபாஸ்கல்), அதாவது ஒன்றிரண்டு மீற்றர் ஏறி இறங்குவது போன்றது. காற்றை உள்ளே தள்ளும் விசிறி கூடுதலாக இருந்தால் தூசி குறைவாக வரும் என்பது மட்டுமே அதன் பயன்.

நம் ஊருக்கு முக்கியமான பகுதி இனித்தான் வருகிறது. டிஸ்க்கின் மேல்மூடியைப் பாருங்கள். சிறிய துளை ஒன்று, பக்கத்தில் ‘இதை மூட வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அது மூச்சுத் துளை. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாக இருக்க அது வேண்டும். உட்பக்கம் தூசி வடிக்கும் வடியும் உண்டு. டிஸ்க் சூடாகும்போது வெளியே ஊதும், ஆறும்போது உள்ளே இழுக்கும். 30 பாகையில் இருந்த டிஸ்க் 45 பாகைக்குச் சூடானால் உள்ளே இருக்கும் காற்றில் 5 சதவீதம் வெளியே போகும். இரவில் நிறுத்தினால் அதே அளவு காற்று அறையிலிருந்து உள்ளே போகும். வாடைக் காற்றும் மழையும் சேர்ந்த கார்த்திகை, மார்கழியில் அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று திருமலை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உப்புப் போத்தலில் உப்பு கரைந்து நிற்கும் காலம்.

அதற்காகத் துளையை டேப் ஒட்டி மூடாதீர்கள். ஒரு திருமண வீடியோத் தம்பி அப்படிச் செய்து கொண்டுவந்தார், கடல்காற்றிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று. துளையை மூடினால் சூடேறும்போது உள் அழுத்தம் கூடும். டிஸ்க்கின் உடல் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறிய பொதியும், நீராவி மெதுவாகவே புகக்கூடிய நீண்ட ஒடுங்கிய பாதையும் ஏற்கெனவே இருக்கின்றன. அதை நம்புங்கள். நாம் செய்ய வேண்டியது அறையைப் பார்ப்பது. கடல் பக்கம் பார்த்த ஜன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள். ஈரச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். மாரி காலத்தில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதைவிட, தினமும் சில மணி நேரம் ஓடும் கணினி உலர்ந்து இருக்கும் என்பது என் அனுபவம். உப்புக் காற்று முதலில் தின்பது உள்ளே இருக்கும் தட்டை இல்லை, வெளியே இருக்கும் சட்டா இணைப்பின் (டிஸ்க்கைக் கணினியோடு சேர்க்கும் கேபிள் பூட்டும் இடம்) ஊசிகளை. ஆண்டுக்கு ஒரு தரம் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேபிளைக் கழற்றிப் பூட்டுங்கள்.

ஹீலியம் நிரப்பிய டிஸ்க்குகளுக்கு இந்தத் துளை இல்லை. 2013 இல் எச்ஜிஎஸ்டி நிறுவனம் 6 டெராபைட் டிஸ்க் ஒன்றில் இதைக் கொண்டுவந்தது. முழுக்க அடைத்து ஒட்டப்பட்டது. ஹீலியம் காற்றைவிட ஏழு மடங்கு அடர்த்தி குறைந்தது. தட்டைச் சுற்றிச் சுழி குறையும், மின்சாரமும் குறையும். பெரிய கொள்ளளவு டிஸ்க் வாங்குகிறவர்களுக்குக் கடற்கரையில் இது ஒரு நல்ல தெரிவு என்றே சொல்வேன். ஆனால் வெளியே இருக்கும் பச்சை மின்சுற்றுப் பலகை உப்புக்குத் தப்பாது.

ஒலியும் காற்றழுத்தம்தான்

மெதுவாக மாறும் அழுத்தம் டிஸ்க்கை ஒன்றும் செய்யாது என்று பார்த்தோம். புயலின் 20 ஹெக்டோபாஸ்கல் என்றால் 2,000 பாஸ்கல். 94 டெசிபெல் சத்தம் என்பது ஒரேயொரு பாஸ்கல். ஆனால் அந்த ஒரு பாஸ்கல் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை முன்னும் பின்னும் தள்ளுகிறது. தடங்களின் அகலம் இன்றைக்கு 100 நனோமீற்றருக்கும் குறைவு. அதில் சிறு பங்கு விலகினாலே ஹெட் எழுதுவதை நிறுத்திவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். 7,200 சுற்று டிஸ்க்கில் ஒரு சுற்று 8.3 மில்லிசெக்கன். இப்படிப் பல சுற்று காத்திருந்தால் வேகம் விழும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியியலாளர் பிரெண்டன் கிரெக் 2008 இறுதியில் ஒரு வீடியோவில் இதைக் காட்டினார்: சர்வர் டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று உரக்கக் கத்தினார், வரைபடத்தில் தாமதம் குத்தென்று ஏறியது. 2016 இல் புக்கரெஸ்ட் நகரில் ஒரு வங்கியின் தரவு நிலையத்தில் தீயணைப்பு வாயுவைச் சோதித்தபோது, வாயு சீறிய சத்தத்திலேயே ஏராளமான டிஸ்க்குகள் பழுதாயின.

நமக்கு இது எங்கே வரும்? கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே கணினியை வைத்து நேரடியாகப் பதிவு செய்வார்கள். பதிவில் இடையிடையே காட்சி அறுந்தால் கமராவைத் திட்டுவார்கள். கணினியைப் பெட்டிகளிலிருந்து பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளிக் கொண்டுபோங்கள், அல்லது அந்த வேலைக்குச் சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி பாவியுங்கள். ஜெனரேட்டர் நிற்கும் அதே சீமெந்துத் தரையில் சர்வர் இருந்தாலும் இதே சிக்கல் வரும், இந்தமுறை தரை வழியாக.

நான்காம் படி: பொருத்துதல்

மூதூர் இறங்குதுறையில் சின்னத் தோணியிலிருந்து கரைக்குத் தாவினால் தோணி பின்னால் போகும். கயிற்றால் கட்டியிருந்தால் போகாது. நீங்கள் நினைத்த இடத்தில் கால் வைப்பீர்கள். டிஸ்க்குக்குள் ஹெட்டைத் தாங்கும் கை தாவும்போதும் இதுவே நடக்கிறது. கை ஒரு பக்கம் திரும்ப, டிஸ்க்கின் உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கிறது. டிஸ்க் இறுக்கமாகக் கட்டுண்டிருந்தால் ஹெட் தடத்தில் சட்டென்று நிலைகொள்ளும். தளர்வாக ஆடினால் தடத்தைத் தேடித் தேடிப் பிடிக்கும்.

அதனால் சத்தத்துக்காக டிஸ்க்கை மட்டும் இறப்பர் நாடாவில் தொங்கவிடும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. ஊங்காரம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் டிஸ்க் கட்டாத தோணி ஆகிவிடும். மெதுவான ஒற்றை டிஸ்க், அரிதாக எழுதும் வேலை என்றால் ஓடும். கமராக்கள் இரவு பகலாக எழுதும் டிவிஆருக்கு வேண்டாம்.

நான் செய்வது இது: டிஸ்க்கைக் கனமான ஒன்றோடு இறுக்கிக் கட்டு, அந்தக் கனத்தை மென்மையான ஒன்றின் மேல் வை. கனம் கூடினால் அதே உதைக்கு நடுக்கம் குறையும். மென்மை அந்த மீதி நடுக்கத்தை மேசைக்குப் போகவிடாது.

ஸ்க்ரூவிலிருந்து தொடங்குவோம். மூன்றரை அங்குல டிஸ்க்குக்குப் பெரும்புரி ஸ்க்ரூ வேண்டும், இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு நுண்புரி எம்3. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பருமன் என்பதால் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். நுண்புரியைப் பெரிய டிஸ்க்கில் போட்டால் இரண்டு சுற்று ஏறும், பிறகு லொடலொடக்கும். பெரும்புரியைச் சின்ன டிஸ்க்கில் போட்டால் அலுமினியப் புரியையே வெட்டிவிடும். கையால் முதல் மூன்று சுற்று தடையின்றிப் போனால்தான் அது சரியான ஸ்க்ரூ. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு நீளம் கால் அங்குலம் போதும்; அதைவிட நீண்டது மின்சுற்றுப் பலகையைக் குத்தக்கூடும்.

நான்கு ஸ்க்ரூவும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இரண்டு போட்டு மூடிவிடும் வழக்கம் நிறைய இடத்தில் உண்டு. மறுபக்கம் அந்தரத்தில் நடுங்கும், கறுக் கறுக் சத்தம் அங்கிருந்துதான் வரும். முதலில் நான்கையும் தளர்வாக ஏற்றி, பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இறுக்குங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடியை மூன்று விரலால் பிடித்து இறுகும் வரை திருப்பினால் போதும், மணிக்கட்டுப் பலம் வேண்டாம்.

டிஸ்க் படுத்த நிலையிலும் பக்கவாட்டில் நிற்கும் நிலையிலும் ஓடலாம். எந்த நிலை என்பது பிரச்சினையே இல்லை, அது அசையாமல் இருப்பதுதான் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது நிலையை மாற்றுவது மட்டும் கூடாது.

இரண்டு டிஸ்க் ஒரே கூட்டில் இருந்தால் இன்னொரு சத்தம் பிறக்கும்: கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து, அலை அடிப்பது போல. இரண்டும் 7,200 என்றாலும் ஒன்று நிமிடத்துக்கு ஆறு சுற்று வேறுபட்டால், பத்துச் செக்கனுக்கு ஒரு முறை ஊங்காரம் பெருத்துச் சிறுக்கும். டிஸ்க் பழுதில்லை. நடுவில் ஒரு கூடு இடம்விட்டுப் பூட்டுங்கள். காற்றும் நன்றாகப் போகும். இன்னும் கேட்டால் ஒன்றை மட்டும் இறப்பர் வாஷரோடு பூட்டலாம்.

இறப்பர் வாஷர் ஒரு நடுவழி. ஆனால் கல்லுப் போன்ற இறப்பரால் பலன் இல்லை. பாரம் ஏறியதும் இறப்பர் எவ்வளவு அமிழ்கிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் அமிழ்ந்தால் அந்த அமைப்பு செக்கனுக்குச் சுமார் 16 தடவை ஆடும் இயல்புள்ளது. 120 ஹேர்ட்ஸ் நடுக்கத்தை அது நன்றாகவே தடுக்கும். கால் மில்லிமீற்றர் என்றால் 32, அதுவும் உதவும். கண்ணுக்கே தெரியாத அளவு அமிழ்ந்தால் அது இறப்பர் போட்ட இரும்புதான். 700 கிராம் டிஸ்க் நான்கு வாஷரில் அமர்ந்தால் ஒன்றுக்கு 175 கிராம்தான் பாரம் என்பதை மனதில் வைத்து மென்மையானதைத் தெரிவுசெய்யுங்கள்.

ஐந்தாம் படி: பெட்டியின் அடி

பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். சிபியு பெட்டிக்கு அடியில் நான்கு மூலையிலும் சம அளவு ஸ்பொஞ்ச் அல்லது இறப்பர்த் துண்டு வையுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அமிழ வேண்டும், ஆனால் பெட்டி தள்ளாடக்கூடாது. தோய்ந்து தட்டையாகிவிட்ட ஸ்பொஞ்சை ஆண்டுக்கு ஒரு தரம் மாற்றுங்கள். நம் வெயிலில் மலிவு ஸ்பொஞ்ச் பொடிந்துவிடும்.

டிவிஆர் போன்ற மெல்லிய தகரப் பெட்டி என்றால், மாபிள் கடையில் மிஞ்சிய கிரனைட் துண்டு ஒன்றை வாங்குங்கள். ஸ்பொஞ்ச் அடியில், கிரனைட் அதன் மேல், டிவிஆர் அதற்கு மேல். அந்த ஒழுங்கு முக்கியம். டிவிஆரின் மேல் தகடு நடுங்கினால் உட்பக்கமாகக் கனமான பிசின் தாள் ஒரு துண்டு ஒட்டலாம். காற்றுத் துளைகளை விட்டுவிட்டு.

கையடக்க டிஸ்க்கை மௌஸ் பேட் மேல் படுக்க வைத்தால் போதும். நிமிர்த்தி நிறுத்தாதீர்கள், விழுந்தால் முடிந்தது.

சத்தத்துக்காக டிஸ்க்கையே ஸ்பொஞ்சால் போர்த்திவிடாதீர்கள். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் அறையே 35 பாகையைத் தொடும் ஊர் இது. டிஸ்க் எட்டுப் பத்து வாட் சூடு தள்ளுகிறது. போக வழி வேண்டும். ஓடும் டிஸ்க் 50 பாகைக்குக் கீழே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சரிபார்த்தல்

மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் ஒரே பெரிய கோப்பை டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து நேரத்தைக் குறித்து வையுங்கள். பிறகு நேரம் கூடியிருந்தால் பொருத்தியது தளர்வு. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மொன்டூல்ஸ் ஆகியவற்றால் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைப் பாருங்கள். 5, 197 ஆம் இலக்க வரிகள் ஏறினால் தட்டில் பழுது. 199 ஏறினால் பெரும்பாலும் கேபிள், கடற்கரையில் நான் அடிக்கடி காண்பது இதைத்தான். 191 இருந்தால் அது அதிர்ச்சி, நடுக்கக் கணக்கு. சில டிஸ்க்குகளில் 189 இருக்கும், ஹெட் இயல்புக்கு மீறி உயரப் பறந்தபோது எழுதிய தடவைகளைச் சொல்வது. ஹீலியம் டிஸ்க் சிலவற்றில் 22 ஆம் வரி வாயுவின் அளவு. இன்றைய எண்ணைவிட, அடுத்த மாதம் அது ஏறியிருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

மலைநாட்டிலிருந்து டிஸ்க் கொண்டுவந்தால்

நுவரெலியாவில் வேலை செய்யும் பிள்ளைகள் விடுமுறைக்குத் திருமலைக்கு வரும்போது பையில் டிஸ்க்கும் வரும். மேலே போகும்போது அது தன் காற்றில் ஐந்தில் ஒரு பங்கை வெளியே விட்டது. இறங்கும்போது அந்த ஐந்தில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. இரவுப் பஸ்ஸின் ஏசியில் குளிர்ந்து கிடந்த டிஸ்க், விடியற்காலையில் பஸ் நிலையத்தில் ஈரக் காற்றைச் சந்திக்கிறது. நம் காற்று 24, 25 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் துளிர்க்கும். டிஸ்க் 20 பாகையில் இருந்தால், குளிர்ந்த சோடாப் போத்தலைப் போல அதன் மேல் வியர்க்கும்.

புறப்படும்போதே உலர்ந்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியே தள்ளி, வாயை இறுகக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்க வேண்டாம், மேசையில் அப்படியே வையுங்கள். வியர்வை பைக்கு வெளிப்புறம் பிடிக்கும். மூன்று நான்கு மணி நேரத்தில் டிஸ்க் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். பையைத் தொட்டுப் பாருங்கள். குளிர் தெரியாவிட்டால் அவிழ்த்து, துடைத்து, கேபிளைப் பூட்டலாம்.